கடுக்காய், படிகாரம், வேர்: பருத்தித் துணிக்கு நம் ஊர் முறையில் சாயம் தோய்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு வெள்ளைப் பருத்தித் துணியை மஞ்சிட்டி வேர் ஊறிய சூடான தண்ணீரில் போட்டால் துணி சிவக்கும். நான்கு முறை துவைத்தால் அந்தச் சிவப்பில் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும். அதே துணியை முதலில் கடுக்காய் நீரில் ஊறவைத்துக் காயவைத்து, அடுத்து படிகார நீரில் ஊறவைத்துக் காயவைத்து, அப்புறம் அதே வேர்த்தண்ணீரில் போட்டுப் பாருங்கள். வருகிற சிவப்பு வருடக்கணக்கில் நிற்கும். இரண்டு முறையும் வேர் ஒன்றுதான், பானை ஒன்றுதான்.

முன்னோர்களின் சாய அறிவு என்று பேச்செடுத்தால் எந்தப் பூவில் என்ன நிறம், எந்தப் பட்டையில் என்ன நிறம் என்றுதான் நாம் பட்டியல் போடுகிறோம். நிறம் தரும் செடிகள் எல்லா நாட்டிலும் உண்டு. சோழமண்டலக் கரையின் துணியைத் தேடிக் கப்பல்கள் வந்ததற்குக் காரணம், சாயம் ஏறுவதற்கு முன்னால் இங்கே துணிக்குச் செய்த வேலை. வெளுப்பது, கடுக்காய் ஏற்றுவது, காரம் (சாயத்தைத் துணியில் பிடித்துவைக்கும் படிகாரம் போன்ற உப்பு) ஏற்றுவது, காயவைப்பது, அலசுவது என்று நாள் கணக்கில் நீளும் அந்த வேலைதான் நமக்கு விட்டுப்போன சொத்து என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால் இந்த வழிகாட்டியிலும் பாதிக்கு மேல் சாயம் தோய்ப்பதற்கு முந்தைய வேலையைப் பற்றியே இருக்கும். அவசரப்பட்டு அந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

எங்கிருந்து வந்தது இந்தக் கலை

மொகஞ்சதாரோவில் ஒரு வெள்ளிப் பாத்திரத்தோடு ஒட்டிக்கிடந்த பருத்தித் துணித் துணுக்கில் வேர்ச் சிவப்பின் தடயம் கிடைத்தது. அப்படியென்றால் நான்காயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பருத்தியில் சிவப்பை நிறுத்தும் வழி இந்தத் துணைக்கண்டத்தில் தெரிந்திருக்கிறது. நம் பக்கம் வந்தால், 1945-இல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டைத் தோண்டிய மார்ட்டிமர் வீலர், அங்கே கிடைத்த செங்கல் தொட்டிகளைத் துணிக்குச் சாயம் ஏற்றும் தொட்டிகள் என்று கருதினார்.

தமிழ்க் கரையின் சிவப்புக்கு மூலம் சாயவேர். இம்பூறல் என்று சித்த மருத்துவத்தில் சொல்கிறார்களே, அந்தச் சிறு செடியின் வேர்தான். கடலோர மணலில் தரையோடு படரும். வேர் நூல்போல மெலிந்திருக்கும். அதன் தோலில்தான் சாயம். ராமநாதபுரம் கரையிலும் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இதைத் தோண்டி எடுத்தார்கள். ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்துச் சாயவேர் அரசாங்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த பெரிய வருமானம். அதைத் தோண்டுவதற்கென்றே குடிகளை வைத்திருந்தார்கள். வெயிலில் குனிந்து மணலைக் கிளறிய அந்த மனிதர்களின் உழைப்பும் இந்தப் பாரம்பரியத்தில் சேர்ந்ததுதான். அழகான புடவையை மட்டும் பெருமையாகப் பேசிவிட்டு அவர்களை விட்டுவிடக் கூடாது.

1742-இல் கோர்து என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இங்கிருந்து ஐரோப்பாவுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். கடுக்காயையும் எருமைப் பாலையும் சேர்த்து அரைத்துத் துணியில் ஏற்றுவது முதல் சாயவேர் காய்ச்சுவது வரை, இங்குள்ள சாயக்காரர்களிடம் கேட்டதை அப்படியே விவரித்தார். அவருக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு போலியே என்ற பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி, புதுச்சேரியில் ஒரு சாயக்காரர் வேலை செய்வதைப் பார்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டை வெட்டிச் சேர்த்து வைத்தார். அந்தத் துண்டுகள் இன்றும் பாரிசில் இருக்கின்றன. சும்மா ஆர்வத்தில் செய்த வேலை இல்லை இது. இந்தியத் துணிக்கு ஈடுகொடுக்க முடியாமல் பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை அதைத் தடை செய்திருந்தது. இங்கிலாந்தும் 1721-இல் கடுமையான சட்டம் போட்டது. அந்தத் துணியின் சூட்சுமத்தை எல்லோரும் தெரிந்துகொள்ளத் துடித்த காலம் அது.

அப்புறம் வேதிச்சாயம் வந்தது. சாயவேரிலும் இருக்கும் அலிசரின் என்ற பொருளை 1868-இல் ஜெர்மனியில் செயற்கையாக உருவாக்கினார்கள். 1897-இல் செயற்கை நீலமும் சந்தைக்கு வந்தது. வேர் தோண்டியவர்கள், அவுரி ஊறவைத்தவர்கள், காரம் கலக்கியவர்கள் என்று எல்லோருடைய தொழிலும் அதன் பிறகு வேகமாகச் சரிந்தது. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காக நெய்து சாயம் ஏற்றப்பட்ட கோடாலிக் கருப்பூர்ப் புடவையை இப்போது அருங்காட்சியகத்தில்தான் பார்க்க முடியும். ஆனால் துணியில் எழுதும் கலை அறுந்துபோகவில்லை. கருப்பூர்க் கலம்காரி ஓவியத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்னும் கோயிலுக்கான தொம்பை (தொங்கவிடும் உருளை வடிவத் துணி) எழுதுகிறார்கள்.

முதல் வேலை: கேட்பது

சாமான் வாங்குவதற்கு முன்னால் வீட்டிலும் ஊரிலும் இருக்கும் பெரியவர்களிடம் பேசுங்கள். உங்கள் குடும்பம் நெசவுக் குடும்பமாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. வெள்ளாவி வைத்த வீடு, நூல் சிட்டத்துக்குச் சாயம் போட்ட பட்டறை, அவுரி பயிரிட்ட நிலம், மருந்துக்காக வேர் தோண்டிய பாட்டி என்று ஏதாவது ஒரு நூல் எங்காவது கிடைக்கும். மதுரைக்காரர்களாக இருந்தால் சுங்குடி முடிச்சுப் போட்டவர்கள் உறவிலோ பக்கத்துத் தெருவிலோ இருப்பார்கள். சென்னைக்காரர்கள் வண்ணாரப்பேட்டையையும் 1734-இல் நெசவாளர்களுக்காகவும் துணி சார்ந்த தொழிலாளர்களுக்காகவும் உருவான சிந்தாதிரிப்பேட்டையையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கேட்கும்போது "அந்தக் காலத்தில் எப்படி இருந்தது?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். எந்தக் கிணற்றுத் தண்ணீரில் துவைத்தார்கள், எந்த மாதத்தில் சாயம் போட மாட்டார்கள், துணி வெளுக்க என்ன மண் எடுத்தார்கள், எங்கே காயப்போட்டார்கள் என்று கேளுங்கள். உவர்மண்ணும் பூந்திக்கொட்டையும் பேச்சில் வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். புதுச்சேரியில் அந்தப் பிரெஞ்சுக்காரருக்குத் தன் வேலையைக் காட்டிய சாயக்காரரின் பெயர் நம்மிடம் இல்லை. உங்கள் நோட்டில் அந்தக் குறை வர வேண்டாம்.

என்னென்ன வேண்டும்

இங்கே சொல்லும் அளவெல்லாம் 500 கிராம் காய்ந்த துணிக்கு. இரண்டு மெல்லிய வேட்டி, அல்லது ஒரு கைத்தறிப் புடவை கிட்டத்தட்ட இந்த எடை வரும். முதல்முறை புடவையில் கை வைக்காதீர்கள். காடாத்துணி வாங்கி, கைக்குட்டை அளவுக்கு வெட்டி எல்லாவற்றையும் அதில் செய்து பாருங்கள். துணி சுத்தப் பருத்தியாக இருக்க வேண்டும். பாலியஸ்டர் கலந்திருந்தால் சாயம் திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும். சந்தேகமிருந்தால் ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள்: பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி உருண்டையாக இறுகும்.

கடுக்காய், மஞ்சிட்டி, படிகாரம் மூன்றும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். கடுக்காயில் கொட்டையை நீக்கி மேல்தோலை மட்டும் இடித்த தூள் வேண்டும். படிகாரம் பாறைபோல வெள்ளையாக, கண்ணாடித் தெளிவோடு இருக்கட்டும். மஞ்சள் பாய்ந்திருந்தால் இரும்பு கலந்திருக்கலாம், சிவப்பு மங்கிவிடும். சாயவேர் கடையில் கிடைப்பது அரிது. பயிரிட்டாலும் வேர் முதிர ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பிடிக்கும். கடற்கரையில் தென்பட்டால் கூட்டமாகப் பிடுங்கிவிடாதீர்கள். விதை எடுத்துத் தொட்டியில் வளர்க்கப் பாருங்கள். அதுவரைக்கும் மஞ்சிட்டி போதும்.

பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். இரும்புச் சட்டியில் கடுக்காய் நீரை ஊற்றினால் அங்கேயே கறுத்துவிடும். அலுமினியமும் நிறத்தை மாற்றும். சாயத்துக்கு எடுத்த பாத்திரத்தையும் கரண்டியையும் சமையலுக்குத் திருப்பிக் கொண்டுபோகாதீர்கள். தூள் கலக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள், கையுறை போடுங்கள். மயில்துத்தம் சேர்த்தால் பச்சை நன்றாக வரும் என்று சிலர் சொல்வார்கள். அது நஞ்சு. வீட்டில் வேண்டவே வேண்டாம். இயற்கை என்று பெயர் வைத்ததாலேயே எல்லாம் பாதுகாப்பாகிவிடாது.

வெளுப்பது

புதுத் துணியில் கஞ்சி, மெழுகு, பருத்தியின் இயற்கையான எண்ணெய்ப்பசை எல்லாம் இருக்கும். அது போனால்தான் கடுக்காய் உள்ளே இறங்கும். துணி முழுவதும் புரளும் அளவுக்குப் பெரிய பாத்திரத்தில் 15 லிட்டர் தண்ணீர் வைத்து, 20 கிராம் வாஷிங் சோடாவும் கொஞ்சம் சாதாரணச் சோப்பும் கரைத்து, நனைத்த துணியைப் போட்டு ஒன்றரை மணி நேரம் மெல்லக் கொதிக்க விடுங்கள். காடாத்துணியாக இருந்தால் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும். அதைக் கொட்டிவிட்டு நன்றாக அலசுங்கள். தண்ணீர் மிகவும் கலங்கியிருந்தால் இன்னொரு முறை செய்யுங்கள்.

முடிந்ததா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. காய்ந்த துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சிக்கொண்டால் தயார். சொட்டு உருண்டு நின்றால் இன்னும் பசை இருக்கிறது. பிற்பாடு திட்டு விழும் துணிகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில் தவறியவைதான்.

பழைய வேலைக்காரர்கள் உவர்மண் கரைசலில் முக்கி, வெள்ளாவிப் பானையின் ஆவியில் வேகவைத்து, ஆற்றங்கரையில் வெயிலில் விரித்து, காயக்காயத் தண்ணீர் தெளித்து, இதை மறுபடி மறுபடி செய்தார்கள். உவர்மண்ணில் இருக்கும் சோடாதான் நம் பொட்டலத்தில் இருப்பதும். வெயிலின் வேலையை மட்டும் பொட்டலத்தில் வாங்க முடியாது. மாடியில் இடமிருந்தால் அலசிய துணியை இரண்டு மூன்று நாள் வெயிலில் நனைத்து நனைத்துக் காயவிடுங்கள். வேதிப்பொருள் இல்லாமலே நன்றாக வெளுக்கும்.

கடுக்காய் ஏற்றுவது

பருத்தி நூலுக்குப் படிகாரத்தை நேராகப் பிடித்து வைத்துக்கொள்ளும் சக்தி குறைவு. கடுக்காயின் துவர்ப்பு நூலோடு ஒட்டும். படிகாரத்தில் இருக்கும் அலுமினியம் அந்தத் துவர்ப்போடு ஒட்டும். வேரின் சிவப்பு அந்த அலுமினியத்தோடு ஒட்டும். மூன்று கைகள் கோத்தபிறகுதான் நிறம் நூலை விட்டுப் போகாமல் நிற்கும். நடுவில் ஒரு கை விட்டாலும் சிவப்பு போய்விடும்.

100 கிராம் கடுக்காய்த் தூளை முதலில் வெந்நீரில் கட்டியில்லாமல் குழைத்து, துணியில் வடிகட்டி, 10 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்குங்கள். வெளுத்த துணியை நனைத்துப் பிழிந்து உள்ளே விடுங்கள். முதல் ஒரு மணி நேரம் அடிக்கடி புரட்டுங்கள், அப்புறம் இரவு முழுவதும் ஊறட்டும். மடிப்புக்குள் காற்று நின்றால் அங்கே வெளிறிப்போகும், கவனம்.

காலையில் எடுத்துப் பிழியுங்கள். அலசக் கூடாது. நிழலில் விரித்துக் காயவையுங்கள். துணி வெளிர் மஞ்சளாக, கொஞ்சம் விறைப்பாக, துவர்ப்பான வாசனையோடு இருக்கும். இந்தக் கட்டத்தில் துணியில் துரு பட்டால் கறுப்புப் புள்ளி விழும். கொடிக்கம்பி, ஊக்கு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எருமைப் பால் தேவையா என்று கேட்பீர்கள். துணியில் கலத்தால், அதாவது எழுதுகோலால், எழுதப்போகிறீர்கள் என்றால் தேவை: பாலின் கொழுப்பு, எழுதிய காரம் இழையோடு பரவாமல் தடுக்கும். மொத்தத் துணியையும் ஒரே நிறத்தில் தோய்ப்பதற்கு வேண்டியதில்லை.

படிகாரம் ஏற்றுவது

75 கிராம் படிகாரத்தைப் பொடித்து ஒரு லிட்டர் கொதிநீரில் முழுவதும் கரையுங்கள். வேறொரு கிண்ணத்தில் 10 கிராம் வாஷிங் சோடாவைக் கரைத்து, படிகார நீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கும். ஆகவே பெரிய பாத்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள். சோடா சேர்ப்பது படிகாரத்தின் புளிப்பைக் குறைக்க. அப்போதுதான் அலுமினியம் துணிக்குள் சுலபமாக இறங்கும். நுரை அடங்கியதும் 10 லிட்டர் சூடான தண்ணீரில் இதைக் கலந்து, கடுக்காய் ஏற்றிக் காய்ந்த துணியைப் போடுங்கள். ஒரு மணி நேரம் புரட்டிவிட்டு, அப்படியே ஆறவிட்டு இரவு முழுக்க ஊறவையுங்கள்.

மறுநாள் பிழிந்து காயவைக்கிற இடத்தில்தான் எல்லோருக்கும் அவசரம் வந்துவிடுகிறது. தயவுசெய்து பொறுங்கள். காய்ந்த துணியை மடித்து இரண்டு மூன்று நாளாவது சும்மா வையுங்கள். அந்த ஓய்வில் காரம் இழைக்குள் இறுகுகிறது.

அதன் பிறகு ஒட்டாத காரத்தைக் கழற்ற வேண்டும். பழைய முறையில் ஆட்டுப்புழுக்கையோ சாணமோ கரைத்த நீரில் துணியை அலசுவார்கள். ஒட்டாமல் மேலாக நிற்கும் காரத்தை அது பிடித்துக்கொண்டு போய்விடும். நமக்குக் கோதுமைத் தவிடு போதும். 50 கிராம் தவிட்டைத் துணியில் மூட்டை கட்டி 10 லிட்டர் தண்ணீரில் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறியதும் துணியை அதில் 15 நிமிடம் புரட்டி, நல்ல தண்ணீரில் அலசுங்கள். இதைத் தவிர்த்தால் மேலாக நிற்கும் காரம் சாயப் பானையில் கழன்று, வேரின் நிறத்தைத் தானே இழுத்துக்கொள்ளும், துணி ஏமாந்துவிடும்.

சிவப்பு

நல்ல அடர்த்தி வேண்டுமென்றால் துணிக்குச் சம எடை மஞ்சிட்டி, அதாவது 500 கிராம். இளஞ்சிவப்புக்கு 200 கிராம். வேரை இடித்து முந்தின இரவே தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் லேசாகச் சூடாக்கி வடிகட்டுங்கள். வடிகட்டிய வேரைத் தூக்கி எறியாதீர்கள். மூட்டையாகக் கட்டிப் பானைக்குள்ளேயே போடுங்கள்.

15 லிட்டர் சாயநீரில் நனைத்த துணியைப் போட்டு மிக மெதுவாகச் சூடேற்றுங்கள். ஆவி பறக்கும் சூட்டுக்கு வர ஒரு மணி நேரமாவது ஆகட்டும். கொப்புளம் எழக் கூடாது. தளதளவென்று கொதித்தால் சிவப்பு பழுப்பாகச் சாயும். அந்தச் சூட்டில் இன்னொரு மணி நேரம் வைத்து, விடாமல் புரட்டி, அடுப்பை அணைத்துப் பானையிலேயே ஆறவிடுங்கள். இரவு முழுவதும் கிடந்தாலும் நல்லதுதான்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேர்ச் சிவப்புக்குச் சுண்ணாம்புச் சத்துள்ள கடினநீர்தான் ஏற்றது. ஆர்.ஓ. தண்ணீரில் அது சோர்ந்து ஆரஞ்சாகப் போகும். கிளிஞ்சல் கலந்த மண்ணில் வளர்ந்த சாயவேருக்கு மதிப்பு அதிகம் என்பதற்கும், மதுரைச் சிவப்புக்கு வைகைத் தண்ணீர்தான் காரணம் என்று பெரியவர்கள் சொல்வதற்கும் பின்னால் இந்த விஷயம் இருக்கிறது. உங்கள் வீட்டுத் தண்ணீர் மென்மையாக இருந்தால், சுடாத கிளிஞ்சலை இடித்துச் சலித்த தூளை ஒரு தேக்கரண்டி பானையில் சேருங்கள்.

ஆறிய துணியைத் தண்ணீர் தெளிவாகும்வரை அலசி நிழலில் உலர்த்துங்கள். மஞ்சிட்டியில் வருவது செங்கல்லுக்கும் பவழத்துக்கும் இடைப்பட்ட சிவப்பு. சாயவேரின் ஆழ்ந்த செம்மை இதில் வராது. நூலை எண்ணெயிலும் சாம்பல் நீரிலும் மாறிமாறி ஊறவைத்து மதுரைப் பட்டறைகளில் எடுத்த சிவப்பும் வராது. அதில் மனம் தளர வேண்டாம். பானையில் மிச்சமிருக்கும் சாயத்தில் இன்னொரு துணியைத் தோய்த்தால் மென்மையான ரோஜா நிறம் கிடைக்கும். எனக்கு அந்த இரண்டாம் தோய்ப்புதான் அதிகம் பிடிக்கும்.

மஞ்சளும் கறுப்பும்

மஞ்சள் கிழங்கைத் தொடாதீர்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. புதுத்துணியின் ஓரத்தில் மஞ்சள் தடவி உடுத்தும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஆனால் அது நிற்கிற சாயம் இல்லை. வெயிலில் சில நாளில் வெளிறிவிடும். நிற்கிற மஞ்சள் வேண்டுமென்றால் தச்சுப்பட்டறையில் பலாமரத் தூள் கேளுங்கள். புத்த பிக்குகளின் காவிக்கு நெடுங்காலமாக உதவிய மரம் அது. படிகாரம் ஏற்றிய 500 கிராம் துணிக்கு 500 கிராம் தூளை ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து வடிகட்டி, அந்த நீரில் ஒரு மணி நேரம் சூட்டில் வைத்தால் பொன் மஞ்சள் வரும். மாதுளை ஓடும் நல்ல மஞ்சள் தரும். அதிலேயே துவர்ப்பு இருப்பதால் பிடிமானமும் அதிகம்.

பீட்ரூட், செம்பருத்தி, சங்குப்பூ இவற்றைக் காட்டி அசத்தும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. பானையில் நிறம் கண்ணைப் பறிக்கும். துணியில் மட்டும் தங்காது. பரம்பரைச் சாயக்காரர்கள் அவற்றை ஒதுக்கி வைத்ததற்குக் காரணம் இருக்கிறது.

கறுப்புக்கு வேரே வேண்டாம். ஒரு கிலோ துருப்பிடித்த இரும்பு, கால் கிலோ கருப்பட்டி, 5 லிட்டர் தண்ணீர். மண்பானையில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, இரண்டு மூன்று வாரம் ஒதுக்குப்புறமாக வைத்துவிடுங்கள். நுரைத்துப் புளித்து வாடை வரும்; அதுதான் சரி. தெளிந்த நீரை வடித்தெடுத்து, ஒரு கோப்பை நீரைப் பத்து லிட்டர் தண்ணீரில் கலந்து, கடுக்காய் மட்டும் ஏற்றிய துணியை உள்ளே விடுங்கள். கண்ணெதிரே சாம்பல் நிறமாகி மெல்லக் கறுக்கும். ஐந்து நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள். உடனே நன்றாக அலசுங்கள். இரும்பு அதிகமானால் நூல் நைந்துவிடும். பழைய கலம்காரித் துணிகள் பலவற்றில் கறுப்புக் கோடு இருந்த இடம் மட்டும் அரித்துப்போயிருப்பதற்கு இதுதான் காரணம். இன்னும் கறுப்பு வேண்டுமென்றால் துணியைக் காயவைத்து, மறுபடி கடுக்காய், மறுபடி இரும்பு என்று படிப்படியாக ஏற்றுங்கள்.

நீலம்

அவுரி தனி உலகம். இதற்குக் கடுக்காயும் வேண்டாம், படிகாரமும் வேண்டாம். வெளுத்த துணி போதும். திண்டிவனம், விழுப்புரம் பக்கம் இன்றும் அவுரி பயிராகிறது. இலையைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்த நீரைக் காற்றோடு அடித்துக் கலக்கி, அடியில் தங்கும் நீலத்தை வடித்துக் கட்டியாகக் காயவைப்பார்கள். உங்களுக்கு வேண்டியது அந்தக் கரும் நீலக் கட்டி. தலைக்குப் போடும் பச்சை நிற அவுரி இலைப் பொடி இதற்கு உதவாது.

நீலக் கட்டி தண்ணீரில் கரையாது. தாழிக்குள் ஆக்சிஜன் இல்லாத நிலையில் அதை நிறம் மாற்றி, சுண்ணாம்பு நீரில் கரைய வைத்து, துணிக்குள் அனுப்பி, காற்றில் மறுபடி நீலமாக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் தகரை விதையை வேகவைத்துச் சுண்ணாம்போடு சேர்த்துத் தாழியில் பல நாள் புளிக்க வைத்து இதைச் செய்தார்கள். வீட்டுக்கு வெல்லத் தாழி சுலபம். 10 லிட்டர் தண்ணீருக்கு நீலம் 50 கிராம், நீற்றிய சுண்ணாம்புத் தூள் 100 கிராம், வெல்லம் 150 கிராம். நீலத்தை வெந்நீர் விட்டு மையாக அரையுங்கள். வெல்லத்தைக் கரைத்துக் காய்ச்சுங்கள். நல்ல சூடான தண்ணீரில் இரண்டையும் சேர்த்து, கடைசியாகச் சுண்ணாம்பை மெதுவாகத் தூவிக் கலக்குங்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. குழந்தைகளை அருகில் விடாதீர்கள். நுரை எழும்பாமல் ஓரமாகச் சுழற்றிக் கலக்கி, மூடி, வெயிலில் வையுங்கள்.

சில மணி நேரத்திலோ, இரண்டு நாளிலோ மேலே செம்புபோல மினுக்கும் ஆடையும் நடுவில் நீல நுரையும் வரும். ஆடையை விலக்கினால் கீழே நீர் மஞ்சள் பச்சையாக இருக்க வேண்டும். கீழேயும் நீலமாகவே இருந்தால் தாழி இன்னும் தயாராகவில்லை. நன்றாகக் கனிந்த இரண்டு மூன்று வாழைப்பழத்தை வேகவைத்து வடிகட்டிய சாறு சேர்த்து, மறுபடி சூடுபடுத்திக் காத்திருங்கள்.

துணியை நனைத்துப் பிழிந்து, காற்றுக் குமிழ் போகாமல் மெல்ல இறக்குங்கள். அடியில் இருக்கும் வண்டலில் படக் கூடாது. ஐந்து நிமிடம் கழித்து எடுத்தால் பச்சையாக வரும், கையிலேயே நீலமாக மாறும். பதினைந்து நிமிடம் காற்றாட விட்டு மறுபடி இறக்குங்கள். அடர்நீலம் பல முறை முக்கி எடுப்பதில்தான் வரும். ஒரே முறை நெடுநேரம் ஊறவைத்தால் மேலாக ஒட்டி, பிறகு கையில் கழலும். கடைசியில் கொஞ்சம் வினிகர் கலந்த தண்ணீரில் அலசினால் சுண்ணாம்பு போய்விடும்.

பச்சை வேண்டுமா? முதலில் நீலம் தோயுங்கள், அப்புறம் கடுக்காயும் படிகாரமும் ஏற்றி, பலா மஞ்சளில் போடுங்கள். கலம்காரிக்காரர்கள் கறுப்பையும் சிவப்பையும் முதலில் முடித்து, அந்த இடங்களை மெழுகால் மூடிவிட்டுத்தான் நீலத்தில் இறக்கினார்கள். மெழுகு இல்லாத நமக்கு நீலம் முதலில் என்பதே பத்திரமான வரிசை.

சோதனையும் நோட்டும்

ஒவ்வொரு துணியிலும் ஒரு துண்டை வெட்டி, பாதியை அட்டையால் மூடி, வெயில் படும் ஜன்னலில் இரண்டு வாரம் வையுங்கள். இன்னொரு துண்டைப் பூந்திக்கொட்டை நீரில் பத்து முறை துவையுங்கள். இரண்டிலும் தேறிய முறையை மட்டும் புடவைக்குக் கொண்டுபோங்கள். சாயத் துணியை முதல் சில முறை தனியாகத் துவைத்து நிழலில் காயப்போடுங்கள். எலுமிச்சை, புளி பட்டால் நிறம் மாறும். பட்ட உடனே தண்ணீர் விட்டு அலசுங்கள்.

மிஞ்சிய படிகார நீரையும் இரும்பு நீரையும் நிறையத் தண்ணீர் கலந்து, காய்கறி பயிரிடாத மண்ணில் ஊற்றுங்கள். கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் பக்கத்தில் வேண்டாம். நொய்யல் ஆற்றுக்குச் சாயக்கழிவு செய்ததைப் பார்த்தவர்கள் நாம். நீலத் தாழியைக் கொட்டவே வேண்டாம். சோர்ந்தால் வெல்லமும் கொஞ்சம் சுண்ணாம்பும் கொடுத்துச் சூடுபடுத்தினால் மறுபடி எழும்.

நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு துணி. வெளுத்தபின் ஒரு துண்டு, கடுக்காய்க்குப் பின் ஒரு துண்டு, படிகாரத்துக்குப் பின், சாயத்துக்குப் பின் என்று நான்கையும் வரிசையாகத் தைத்து வையுங்கள். எந்தத் தண்ணீர், எந்த மாதம், வேர் எங்கே வாங்கியது, இந்த முறையைச் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று ஒவ்வொன்றின் கீழும் எழுதுங்கள். அடுத்த முறை அந்தப் பெரியவரைப் பார்க்கப் போகும்போது நோட்டைக் கையோடு கொண்டுபோய், துண்டுகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கடுக்காய் குறைவு, வெயில் போதவில்லை, தண்ணீர் சரியில்லை என்று அவர் சொல்வதை எல்லாம் அங்கேயே, அவருடைய பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள்.